பதில் தட்டு

மூடுபனி விலகாத பிற்பகலில் கடலோரக் காவல்படையின் மீட்புப் படகு கவிழ்ந்து கிடந்த விசைப்படகை வந்தடைந்தது. அதன் அடிப்பாகம் மட்டும், கழுவிக் கவிழ்த்த சட்டிபோல நீருக்கு மேலே தெரிந்தது.

முக்குளிப்பவனை எல்லோரும் நீர்க்காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இன்று காலையிலிருந்து யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கவிழ்ந்தது அவன் தம்பி போன படகு.

"என்ஜினை நிறுத்து" என்றார் கேப்டன்.

கவிழ்ந்த படகைக் கண்டால் முதல் வேலை அதுதான். என்ஜினை அணைத்துவிட்டு, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல், அடிப்பலகையில் மூன்று முறை தட்ட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். உள்ளே காற்று தங்கிய மூலையில் யாராவது உயிரோடு இருந்தால் பதிலுக்குத் தட்டுவார்கள். பதில் வந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. இதைத் தம்பிக்கும் அவன் சாப்பாட்டு மேசையில் தட்டிக் காட்டியிருக்கிறான். "நான் மாட்டினா நீதான் வந்து தட்டுவியாக்கும்" என்று தம்பி அப்போது சிரித்தான்.

நீர்க்காக்கா சுத்தியலால் மூன்று முறை தட்டினான்.

டீசல் வாடை. பலகையில் அலை மோதி வழியும் சத்தம். பக்கத்தில் என்ஜின்காரர் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது.

டொக். டொக். டொக்.

உள்ளேயிருந்து.

"இருக்கான் சார்! என் தம்பி இருக்கான்!"

அவன் முகமூடியை மாட்டிக்கொண்டிருக்கும்போது வயர்லெஸ் கரகரத்தது. கேட்டுவிட்டு என்ஜின்காரர் ஓடி வந்தார்.

"டேய் காக்கா, நில்லுடா! உன் தம்பி கிடைச்சுட்டான். நீந்திக்கிட்டிருந்தவனை இன்னொரு கப்பல்ல ஏத்தியிருக்காங்க. போன மூணு பேருமே பத்திரம். காபியில சர்க்கரை பத்தலைன்னு உன் தம்பி அங்க சண்டை போடுறானாம்!"

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கேப்டன்கூடச் சிரித்தார்.

டொக். டொக். டொக்.

சிரிப்பு பாதியில் அறுந்தது.

"மூணு பேர்தானே போனாங்க?" கேப்டனின் குரல் தணிந்திருந்தது.

"மூணே பேர்தான் சார்."

"ஏதாவது பீப்பா உருண்டு இடிக்குதோ என்னவோ" என்றார் என்ஜின்காரர். சொன்னவரே அதை நம்பவில்லை.

கேப்டன் சுத்தியலை வாங்கி இரண்டு முறை தட்டினார்.

இரண்டு தட்டு திரும்பி வந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கேப்டன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவனிடம் கேட்டார். "போறியா?"

"பதில் வந்துடுச்சே சார்."

உள்ளே வலையும் கயிறும் விளக்கொளியில் தலைகீழாகத் தொங்கின. விலக்கிக்கொண்டு காற்று தங்கிய மூலைக்குள் தலையைத் தூக்கினான். டீசல் வாடை அங்கே இல்லை. நெடுநாள் திறக்காத தொட்டியின் வாடை.

"யாராவது இருக்கீங்களா?"

விளக்கை மூலைமூலையாகத் திருப்பினான். ஒரு கெட்டில் மிதந்தது. ஒற்றைச் செருப்பு. வேறு எதுவும் இல்லை. திரும்பினான்.

ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

விளக்கை அங்கே காட்டினான்.

கை தெரியவில்லை. பிடி மட்டும் இருந்தது.

முரட்டுப் பிடி அல்ல. பயந்துபோனவன் பிடிக்கும் பிடி. உதறினான். விடவில்லை. எப்படி மேலே வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"காலி சார்" என்று மட்டும் சொன்னான்.

கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "படகு ஏன் உன் பக்கமாவே சாயுது?" என்று என்ஜின்காரர் ஒருமுறை முணுமுணுத்தார்.

மருத்துவமனையில் தம்பி இரண்டு கம்பளிகளுக்குள் சுருண்டிருந்தான். அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதான். வார்டில் விளக்கு போட்டுவிட்டு நர்ஸ் போன பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணா, கவிழ்ந்தப்ப நான் உள்ளதான் மாட்டிக்கிட்டேன். இருட்டுல ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. எங்க படகு டிரைவர்னு நினைச்சேன். ஆனா டிரைவர் முதல்லயே வெளிய விழுந்துட்டாராம். கப்பல்ல ஏறின பிறகுதான் சொன்னாரு."

"அப்புறம் எப்படி வெளிய வந்தே?"

"விடவே மாட்டேன்னுட்டாரு அண்ணா. கெஞ்சிப் பார்த்தேன். எங்க அண்ணன் வருவான், மூணு தட்டு தட்டுவான், பதிலுக்குத் தட்டுங்க, கண்டிப்பா உங்களையும் கூட்டிட்டுப் போவான்னு சொன்னேன். அப்புறம்தான் கையை விட்டாரு."

கம்பளிக்கு வெளியே தெரிந்த தம்பியின் மணிக்கட்டில் ஐந்து விரல்களின் தடம் வெளுத்துப் பதிந்திருந்தது. அண்ணன் சட்டைக் கையை மெல்ல இழுத்துத் தன் மணிக்கட்டை மூடினான்.

தம்பி அதைப் பார்த்துவிட்டான்.

"அண்ணா... அவரை அங்கேயே விட்டுட்டுத்தானே வந்தே?"

அவன் வாய் திறப்பதற்குள், இரும்புக் கட்டிலின் அடியிலிருந்து மூன்று தட்டு கேட்டது.

பிறகு அது காத்திருந்தது.