மணலாய்ப் போன கேமரா

சனிக்கிழமை காலை. கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் கைபேசியைத் திறந்தபோது, வாங்கியவர் அனுப்பிய வீடியோ காத்திருந்தது. பிரித்த பெட்டிக்குள் லென்ஸ் இருந்தது, ஃபிளாஷ் இருந்தது. கேமரா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மணல் பொட்டலம்.

‘மோசடி’ என்று எழுதி, ஒற்றை நட்சத்திரமும் போட்டிருந்தார்.

வேலை போனபின் முன்னறை மூலையில் அவள் தொடங்கிய இணையக் கடை அது. வீட்டில் சும்மா கிடந்தவைதான் முதல் சரக்கு. பக்கத்துக் கடைகள் தூக்கிப்போட்ட அட்டைப் பெட்டிகளில் அவள் அடுக்குவாள், அப்பா டேப் ஒட்டுவார். இறந்துபோன அம்மாவின் கேமராதான் முதல் பெரிய விற்பனை. “வித்துடும்மா, அலமாரியில தூங்கி என்ன பண்ணப்போகுது” என்று சொன்னதும் அப்பாதான்.

ஆத்திரத்தில், பார்சல் எடுத்துப்போனவர் மேல் கூரியர் அலுவலகத்துக்குப் புகார் தட்டிவிட்டாள். மதியத்துக்குள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதைச் சொன்னபோது அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். சாப்பிடவில்லை.

மாலையில் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை, குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். செருப்பைக் கழற்றும்போதே விசாரணை தொடங்கிவிட்டது.

“எடை போட்டது யாரு, முதலாளியம்மா?”

“வீட்ல நான். வாசல்ல பார்சல் எடுக்க வந்தவர். அப்புறம் அவங்க ஆபீஸ்ல. எல்லாம் ஒண்ணுபோலதான்.”

“விளம்பரத்துக்கு எடுத்த படத்தைக் காட்டு.”

சித்தி படத்தைப் பெரிதாக்கினாள். கேமராவின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை. அதற்குள் 22 என்ற எண்.

“பின்பக்கம் திறந்து பார்த்தியா?”

“இல்ல சித்தி. எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்?”

“வழியில திருடுறவன் வேனுக்குள்ள உக்காந்து மணலை நிறுத்துக்கிட்டா இருப்பான்? அதுவும் நாலு காசு போற லென்ஸை விட்டுட்டு?”

“அப்ப வாங்கினவரே நாடகமாடறாரா?”

“ஏமாத்துறவர் லென்ஸ் வந்துச்சுன்னு ஒத்துக்குவாரா? எடுத்தவருக்குக் காசு குறி இல்ல. கேமராவுக்குள்ள இருந்ததுதான் குறி.” சித்தி அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினாள். “எத்தனை படம் எடுத்தாச்சுன்னு காட்டுறது இது. உள்ள ஃபிலிம் இருந்தாத்தான் நகரும். அக்கா எடுத்துப் பாதியில விட்ட சுருள். பெட்டியை மூடினவர் கண்ணுல இது பட்டிருக்கு.” அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். “என்ன அத்தான், சரிதானே?”

அப்பா வந்தார். கையில் துண்டில் சுற்றிய கேமரா.

“டேப் ஒட்டுறப்பதான் பார்த்தேன்,” என்றார். “அவ கடைசியா என்னத்த எடுத்தான்னு எனக்குத் தெரியாது. வித்தாச்சுன்னு நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. சொல்ல வாய் வரலம்மா.”

“சுருளை மட்டும் எடுத்திருக்கலாமே?”

“திறந்தா வெளிச்சம் பட்டு எல்லாம் போயிடும்னு உங்கம்மா சொல்லுவா.”

அவள் கேமராவை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ஆனாலும் கேட்டாள். “அந்த மனுஷன் வேலை போச்சுன்னு நான் சொன்னப்பகூட ஏம்ப்பா பேசல?”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். புகார் எழுதிய விரல் தன்னுடையது என்பதால் அவளால் அதற்குமேல் கேட்க முடியவில்லை.

மூவரும் கூரியர் அலுவலகம் போனார்கள். அப்பா நடந்ததை வாய்விட்டுச் சொன்னார். மேலாளர் முகத்தைச் சுளித்தபடியே தடையை நீக்கினார். அங்கிருந்து பார்சல்காரர் வீட்டுக்கு. அவர் கதவைப் பாதி திறந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி கைகட்டி நின்றிருந்தாள்.

“என்னை மன்னிச்சிடுங்க தம்பி,” என்றார் அப்பா.

“நாளைக்கு வேலைக்குப் போறேன், சார்.” அவர் அப்பாவைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். “ஆனா உங்க வீட்டுப் பார்சலுக்கு வேற ஆளைச் சொல்லிக்குங்கம்மா.”

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.