பல்பு இன்னும் எரியுது, டார்ரல்!

"ஆ..!"

ஒரே ஒரு அலறல். அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம்.

வெர்னா காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் குடியிருக்கும் வீட்டு வண்டியின் கதவைத் தள்ளித் திறந்தாள்.

ஈரப் புல்லில் ஹோலிஸ் மல்லாந்து கிடந்தான். அவள் புருஷன். குளியலறைக் கட்டடத்திலிருந்து வெறுங்காலோடு வந்தவன். தோளில் துண்டு. வலது உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

"ஹோலிஸ்!"

இறங்கப் போனவள், கைப்பிடிக் கம்பியில் கை வைத்தபடியே உறைந்து நின்றாள்.

அந்தக் கை... அவனும் இதே கம்பியைத்தானே பிடித்திருப்பான்?

வீட்டு வண்டியின் மேல்தோல் அலுமினியம். நிற்பதோ ரப்பர் டயரில். எர்த் ஒயர் ஒழுங்காக இருந்தால், அந்த மேல்தோலில் மின்சாரம் ஏறிய கணமே பிரேக்கர் விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால்? மொத்த வண்டியும் மின்கம்பி மாதிரிதான்! உள்ளே இருப்பவளுக்கு ஒன்றும் ஆகாது, கம்பியில் உட்கார்ந்த காக்கைபோல. ஆனால் ஒரு கை கம்பியிலும் ஒரு கால் ஈர மண்ணிலும் பட்டால்... முடிந்தது கதை!

தொடாமல் குதித்துவிடலாம். போன மாதம் மூட்டு மாற்றிய முழங்கால் இல்லாவிட்டால்!

கதவருகே ஆணியில் தொங்கிய சோதனை பல்பை எடுத்தாள். டெஸ்டருக்குள் இருக்குமே, அதே செம்பல்பு. இரண்டு பக்கமும் நீள ஒயர். ஒரு முனையைக் கதவுச் சட்டத்தில் கவ்வவிட்டாள். மறு முனையில் கட்டியிருந்த ஆணியைப் புல்லில் எறிந்தாள்.

பல்பு எரிந்தது!

வண்டிக்குள் மெயினை அணைத்தாள். ஃப்ரிட்ஜ் ஓய்ந்தது.

பல்பு ஓயவில்லை!

அப்படியானால் கோளாறு வண்டியில் இல்லை. வெளியே, கரண்ட் கம்பத்துப் பெட்டியில். எர்த் ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டிக்குச் சாவி ஒருவனிடம்தான் உண்டு.

"என்னாச்சு, வெர்னா மேடம்?"

டார்ரல்! இந்த ராக்போர்ட் வண்டிப் பேட்டையின் மேற்பார்வையாளன். காலில் ரப்பர் பூட்ஸ்.

"ஹோலிஸுக்கு ஷாக் அடிச்சிருக்கு! பெட்டியில பிரேக்கரை இறக்குப்பா!"

"அய்யய்யோ... இதோ!"

கம்பத்தை நோக்கி ஓடினான். 'டக்' என்று ஒரு சத்தம்.

"இறக்கிட்டேன்! கம்பியப் பிடிச்சு மெதுவா இறங்கி வாங்க!"

வெர்னா பல்பைப் பார்த்தாள்.

எரிந்துகொண்டிருந்தது.

பிரேக்கரை இறக்கவில்லை. பெட்டி மூடியைத்தான் அடித்திருக்கிறான்!

எல்லாம் விளங்கிவிட்டது. போன வாரம் அவன் விற்ற காப்புப் பெட்டியை நேற்று சாயங்காலம் அவன் கண்ணெதிரே அறுத்துப் பார்த்தாள் வெர்னா. நல்ல காப்புப் பெட்டி, எர்த் இல்லையென்றால் வண்டிக்குள் மின்சாரத்தையே விடாது. இதற்குள் இருந்ததோ ஒரு பச்சை விளக்கும், கனத்துக்குக் கொஞ்சம் மணலும்!

"நாளைக்கு டோநட் கூட்டத்துல எல்லாருக்கும் காட்டறேன்" என்று சொல்லியிருந்தாள்.

சொன்னவள் வாயை மூடத்தான் இந்த ஏற்பாடு. நடுவில் மாட்டியவன் ஹோலிஸ். ஒரு ராத்திரிதானே என்று காப்புப் பெட்டி இல்லாமல் வண்டி ஒயரை நேரே கம்பத்துப் பெட்டியில் செருகியது அவள் புத்தி!

"இறங்குங்க மேடம்!"

"என் முழங்கால் சரியில்லப்பா. நீ வந்து கதவைப் பிடிச்சுக்கோயேன்."

"நானா..?"

"நீதான். அதான் கரண்ட் இல்லியே!"

டார்ரல் அசையவில்லை.

"பல்பு இன்னும் எரியுது, டார்ரல்!"

அவன் முகத்திலிருந்த மரியாதை கழன்று விழுந்தது.

"கத்திப் பாருங்க. சனிக்கிழமை காலைல எல்லாரும் டோநட் திங்கப் போயிட்டாங்க. ஒரு ஈ காக்கா இல்ல."

அப்போதுதான் ஹோலிஸ் முனகினான்.

உயிர் இருக்கிறது!

ஆனால் சந்தோஷப்பட நேரமில்லை. ஹோலிஸ் புரண்டு குப்புறப் படுத்தான். எழுந்திருக்கப் பிடிமானம் தேடியது அவன் கை. எட்டும் தூரத்தில் இருந்தது ஒன்றுதான்...

வண்டியின் இரும்புப் படி!

"தொடாதே! ஹோலிஸ், தொடாதே!"

காது மிஷின் குளியல் பைக்குள் இருந்தது. அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

டார்ரல் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

வெர்னா குரலை இறக்கினாள்.

"சரி. நான் இறங்கறதா இல்ல. உள்ளயே உட்கார்ந்து காபி குடிக்கறேன். கூட்டம் முடிஞ்சு எல்லாரும் வரட்டும். நீ வித்த பெட்டி ரெண்டு துண்டா என் மேஜை மேல இருக்கு. வர்றவங்களுக்கு ஜன்னல் வழியாவே காட்டறேன்!"

டார்ரலின் கண்கள் கதவுக்குத் தாவின.

"வேணும்னா உள்ள வந்து எடுத்துக்கோ. எப்படி வரணும்னு உனக்கே தெரியும்!"

அவன் பல்லைக் கடித்தான். கம்பத்தைப் பார்த்தான். நடந்தான்.

ஹோலிஸின் விரல்கள் புல்லில் ஊர்ந்தன. ஒரு சாண்... நாலு விரல்கடை...

"சீக்கிரம் வாடா, கோழை!"

டக்!

பல்பு அணைந்தது.

ஹோலிஸின் கை படியை இறுகப் பற்றியது.

ஒன்றும் ஆகவில்லை!

டார்ரல் பாய்ந்து வந்தான். ஹோலிஸைத் தாண்டிக் கைப்பிடியைப் பிடித்துத் தலையை உள்ளே நீட்டினான்.

"எங்க அது..?"

மேஜைமேல் காபிக் கோப்பை மட்டும்தான் இருந்தது!

"அதுவா? குளிக்கப் போற வழியில ஹோலிஸ் டோநட் தட்டுப் பக்கத்துல வெச்சுட்டுப் போனான். இந்நேரம் ஊரே பார்த்திருக்கும்!"

கதவருகே இருந்த தீயணைப்பான் அவள் கைக்கு வந்திருந்தது.

புஸ்ஸ்ஸ்..!

வெள்ளைப் பொடி மேகத்துக்குள் டார்ரல் இருமிக்கொண்டே பின்னால் சரிந்து புல்லில் உட்கார்ந்தான். கண் திறக்க முடியவில்லை.

பாதை முனையில் ஆட்கள். முன்னால் ஓடி வந்த பக்கத்து வண்டி லுசீலின் கையில் அறுபட்ட பெட்டியின் ஒரு பாதி. மணல் உதிர்ந்துகொண்டே வந்தது.

"எங்கடி அந்தத் திருட்டுப் பய?"

வெர்னா கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு லுசீல். அப்படியே ஷெரீஃபையும்."

ஹோலிஸ் கண்ணைத் திறந்தான்.

"என்ன வெர்னா... டோநட் தீர்ந்துபோச்சா?"

லுசீல் புல்லில் உட்கார்ந்திருந்த உருவத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒண்ணு மிச்சம் இருக்கு! சர்க்கரைப் பொடிதான் கொஞ்சம் தூக்கல்!"