உணர்வற்ற கால்

இடது காலை யாரோ பிடித்துவிடுவது ஆசிஃபாவுக்குத் தெரிந்தது. தெரிந்திருக்கக் கூடாது. நரம்பு நோய் வந்த பிறகு அந்தக் காலில் முழங்காலுக்குக் கீழே சூடும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. போன மாதம் செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியோடு கடைத்தெரு வரை போய் வந்தாள். வாசலில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

இன்று காலையிலேயே ஒற்றைத் தலைவலி பிடித்துக்கொண்டது. முந்தைய இரவும் தூக்கமில்லை. குவார்ட்டர்ஸின் ஜன்னல்களையெல்லாம் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்து வீட்டில் அறுத்த பலாப்பழத்தின் வாசனை எப்படியோ உள்ளே நுழைந்து நெற்றிப்பொட்டில் குத்தியது. மின்விசிறியின் முனகல், தொலைவில் சுரங்கத்தின் ஓயாத உறுமல், தெருவில் போகும் சைக்கிளின் மணி, எல்லாமே மண்டைக்குள் நடப்பதுபோல் இருந்தது.

சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடிந்து கணவர் ஜியாவுதீன் வந்திருக்க வேண்டும். அவரிடம் இன்னொரு சாவி இருக்கிறது.

"சத்தமே இல்லாம வந்துட்டீங்களே," என்றாள்.

விரல்கள் கெண்டைக்காலை நிதானமாக அழுத்தின. அழுத்த அழுத்த, வலக்கண்ணுக்குப் பின்னாலிருந்த வலி இறங்கியது. எத்தனையோ நாளாக வராத தூக்கம் சொக்கிக்கொண்டு வந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் அமுக்குங்க."

தலைமாட்டில் போன் அடித்தது. துண்டை விலக்காமலே தடவி எடுத்தாள்.

"பஸ்ஸு பாதியில நின்னுக்கினு இருக்கு, ஆசிஃபா. வர லேட்டாகும். மாத்திரை போட்டியா?" ஜியாவுதீனின் குரல்.

விரல்கள் நின்றன.

"நீங்க வூட்டுல இல்லீங்களா?"

"இல்லியே. யாரு வந்துருக்கா? உன் பக்கத்துல யாரோ மூச்சு வுடுற மாரி கேக்குது."

துண்டை இழுத்தாள். திரையின் ஓரத்து வெளிச்சம் கண்ணில் ஊசியாக இறங்கியது. அறையில் யாரும் இல்லை.

காலைப் பார்த்தாள். கெண்டைச் சதையில் ஐந்து குழிகள். விரல்கள் அழுந்திய குழிகள். ஒன்று மெல்ல நிரம்பி மறைந்தது; மேலே, முழங்காலருகே புதிதாக ஒன்று பதிந்தது. பிறகு அடுத்தது.

எழ முயன்றாள். உடம்பு கேட்கவில்லை. வலி முழுக்கப் போயிருந்தது. கண் செருகியது. தூங்கக் கூடாது. தூங்கக் கூடாது.

போனில் ஜியாவுதீன் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கட்டில் அசைந்தது. பக்கத்துத் தலையணை அமுங்கியது.

அவள் அசைக்கவேயில்லை. இடது கால் தானாக மடங்கி, நகர்ந்து, இடம் விட்டது.