வேதுப் பெட்டியின் மூடுதுணி

பெட்டியின் மேல் போட்டிருந்த துணி மெல்ல உப்பியது. பிறகு உள்ளே இழுபட்டது. மறுபடி உப்பியது.

ஜேசுராஜ் மகளின் தோளைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். உட்கார்ந்த ஆளின் கழுத்து உயரத்துக்குப் பலாப்பலகையில் அடித்த, உடம்புக்கு ஆவி பிடிக்கும் வேதுப் பெட்டி அது. தலையை வெளியே வைத்துக்கொள்ள மேல்பலகையில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையைத்தான் துணி மூடியிருந்தது. நீராவி தள்ளுகிறது என்று நினைத்தார். ஆனால் வைத்தியரின் கையாள் செல்லப்பாண்டி அப்போதுதான் அடுப்பில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“ஏம்ப்பா, இன்னும் தீயே மூட்டலையே?”

“இனிமேத்தான் மொதலாளி. மொதல்ல நீங்க உள்ள உக்காரணும்ல,” என்று அவன் வந்து துணியை உருவினான். ஓட்டைக்குள் இருட்டுதான் இருந்தது.

கூடலூரைத் தாண்டி மலையடிவாரத்தில் மலையாள வைத்தியர் நடத்திய சுகசாலை அது. தங்கல், பத்தியக் கஞ்சி, எண்ணெய்ப் பிழிச்சல், கிழி, நெற்றியில் தாரை, கடைசியில் வேது, எல்லாம் சேர்ந்த ஒரே ஏற்பாடு. போடிமெட்டுச் சாலையில் ஏலக்காய் வண்டி குடைசாய்ந்ததிலிருந்து ஜேசுராஜின் வலது கால் மரத்துக் கிடந்தது. நெருப்பால் சுட்டாலும் தெரியாது. ஆவணியில் மகள் சொர்ணலதாவுக்குக் கல்யாணம். தாயில்லாப் பிள்ளையைச் சர்ச் வாசலிலிருந்து கைப்பிடித்து அவர்தான் நடத்திப் போக வேண்டும். ஊரே பார்க்க, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவதா? அந்த ஒரு நினைப்பில்தான் கசாயத்தையெல்லாம் மடக் மடக்கென்று குடித்தார். குப்புறப் போட்டு மிதித்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“நான் வராண்டாவுல இருக்கேன்ப்பா,” என்று மகள் வெளியே போனாள். காற்றுப் பட்டால் செய்த வைத்தியமெல்லாம் பாழ் என்று கதவைச் சாத்தினார்கள். ஜன்னல்கள் ஏற்கெனவே அடைத்திருந்தன. ஆடிச் சாரல் கூரை ஓட்டின் மேல் இரைந்துகொண்டிருந்தது.

கோவணத்தோடு அவரை உள்ளே உட்கார வைத்தான் செல்லப்பாண்டி. உட்கார்பலகை நனைந்திருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

“எனக்கு முன்னால யாரு உக்காந்தா?”

“இன்னிக்கு நீங்கதான் மொதல்ல.”

மேல்பலகையின் இரண்டு பாதியும் கழுத்தைச் சுற்றிப் பொருந்தின. பெட்டிக் கதவுக்கு வெளியே தாழ் விழுந்தது. கைகள் உள்ளே, தலை மட்டும் வெளியே. என்ன கண்றாவி கோலம் இது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

தீ பிடித்தது. தகரக் குழாய் வழியே நொச்சியும் ஆமணக்கு இலையும் வெந்த வாசனையோடு நீராவி ஏறி, தொடையை, வயிற்றை, நெஞ்சை நனைத்துக்கொண்டு வந்து கழுத்தடியில் முட்டியது. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது, துடைக்கக் கை எட்டவில்லை. இலை வாசனைக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. நாள்பட்ட ஈரத்துணியின் வாடை.

அப்போது வலது கணுக்காலை ஏதோ தொட்டது.

தொட்டது தெரிந்தது. மரத்த காலில்!

“கர்த்தாவே! ஏலே செல்லப்பாண்டி, காலு தெரியுதுடா! உணர்ச்சி வந்துருச்சு!” அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

செல்லப்பாண்டி விறகைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். “எப்படி மொதலாளி இருக்கு?”

“யாரோ பிடிக்கிற மாதிரி...” சொல்லும்போதே ஜேசுராஜின் சந்தோஷம் அறுந்தது. ஐந்து விரல். கட்டைவிரல் தனியாக, நகத்தோடு. “டேய், பிடிக்கிற மாதிரி இல்ல. கை. உள்ள ஒரு கை இருக்கு. தெறந்து விடு!”

அவன் முகமெல்லாம் பல். “காலு வந்தவுக அம்புட்டுப் பேரும் இதத்தான் சொன்னாக! கை பிடிக்குது, தெறந்து விடுன்னு. பயப்படாதீக. நான் போயி வைத்தியரையும் பாப்பாவையும் கூட்டியாரேன்.”

“போகாதடா! ஏலே!”

கதவு சாத்திக்கொண்டது. வராண்டாவில் சொர்ணலதாவின் சந்தோஷக் கூச்சல் கேட்டது.

கை, கணுக்காலை விட்டு இடது காலுக்கு மாறியது. பிடித்த இடத்தில் குளிர்ந்தது. பிறகு அந்தக் குளிரும் தெரியவில்லை. இடது பாதம் இல்லை. முழங்கால் இல்லை. வலது கால் மட்டும் தரையைத் தட்டிப் பார்த்தது. அவர் தட்டச் சொல்லவில்லை.

கை மேலே வந்தது.

இடுப்பு போயிற்று. விரல்கள் போயின. மகளைக் கூப்பிட வாயைத் திறந்தார். நாக்கு அசையவில்லை. கடைசியாக, கழுத்தின் பின்புறம் யாரோ நிதானமாக மூச்சு விட்டார்கள்.

வைத்தியரும் செல்லப்பாண்டியும் வந்தார்கள். தாழ் விலகியது. மேல்பலகை விரிந்தது.

அவருக்கு முன்னால், பெட்டிக்குள்ளிருந்து, ஒருவர் எழுந்தார். பின்மண்டையில் வழுக்கை. இடது தோளில் மாட்டுக்கொம்பு கிழித்த தழும்பு. ஜேசுராஜின் தழும்பு.

“நடக்கிறாக! மொதலாளி நடக்கிறாக!” செல்லப்பாண்டி கம்பளியைப் போர்த்தினான். கதவைத் தள்ளிக்கொண்டு சொர்ணலதா ஓடி வந்தாள். “அப்பா!” கம்பளியைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். அந்த ஆள் அவள் கையைப் பிடித்தார். வலது காலை முன்வைத்து, வராண்டாவை நோக்கி அவளை நடத்திக்கொண்டு போனார்.

அம்மா, சொர்ணலதா, திரும்பிப் பார். ஒரே ஒரு தடவை.

அவள் பார்க்கவில்லை. திரும்பியது அந்த முகம்தான். ஜேசுராஜைப் பார்த்தது. பிறகு கதவைத் தாண்டியது.

செல்லப்பாண்டி விறகை இழுத்துத் தீயை அணைத்தான். மேல்பலகையை இறக்கினான், அது ஜேசுராஜின் கழுத்தைச் சுற்றிச் சரியாகப் பொருந்தியது. அவன் கண் அவர் முகத்தின் மேல் பட்டு, சுவரில் பட்ட மாதிரி நகர்ந்தது. சீட்டியடித்தபடி துணியை உதறி எடுத்தான்.

ஓட்டையின் மேல் விரித்தான், அங்கே தலையே இல்லாத மாதிரி.

துணி மெல்ல உள்ளே இழுபட்டது. உப்பியது. மறுபடி உள்ளே இழுபட்டது.