எண்ணெய் வேகன் மேல் ஒரு பிணம்

டேங்கர் வேகனின் உச்சியில் ஒரு பிணம்!

குப்புறக் கிடந்தது. வேகனின் மூடி திறந்திருந்தது. பக்கத்திலேயே கயிறு கட்டிய வாளி...

முதலில் பார்த்தவன், கைகாட்டியும் தண்டவாளமும் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் அரியமுத்து. பார்த்தவன் பேசாமல் போயிருக்கலாம். கத்தித் தொலைத்தான்.

அரியலூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷன். 1974. மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம். தெற்கே இருந்த விமானப்படைத் தளத்துக்கு எண்ணெய் அந்த வழியாகத்தான் போகும், கூட்ஸ் வண்டியில். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு, ஒதுங்கி நிற்கும் பக்கத் தடமான லூப் லைனில் காத்துக் கிடக்கும். ஏரோப்ளேன் பறக்க வேண்டிய எண்ணெய், அடுப்பிலும் எரியக்கூடியது, வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கும்!

வண்டிக்குக் காவலாக வந்தவர் ஏட்டு சிவசுப்பிரமணியன். மேலே ஏறிக்கூடப் பார்க்கவில்லை. அரியமுத்துவின் கையில் விலங்கை மாட்டினார்.

"கூட்டுக் களவாணிங்க. பங்குல தகராறு. இவன் அவனை முடிச்சுட்டான்."

"அய்யா, கத்துனதே நான்தானுங்க. கொன்னவன் கத்துவானா?"

"கெட்டிக்காரன் கத்துவான்."

 அரியமுத்து கையிலிருந்த விலங்கைப் பார்த்தான். கொலைக் கேஸ். தூக்கு!

ஸ்டேஷன் மாஸ்டர் இராமலிங்கம் போனைச் சுழற்றினார்.

உள்ளூர் போலீஸ், தண்டவாளத்தில் கிடப்பது ரயில்வே சமாச்சாரம் என்றது. ரயில்வே போலீஸ், வேகன் மிலிட்டரிக்குப் போவது, அவர்கள் சொல்லாமல் கை வைக்க மாட்டோம் என்றது. தளத்து அதிகாரியோ எண்ணெய் எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்.

பிணத்தைக் கேட்பார் இல்லை!

ஒன்றரை மணி நேரம். வண்டி நகரவில்லை. எக்ஸ்பிரஸ் கூவிக்கொண்டு போயே போய்விட்டது. படித்தவன் பத்துப் பேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். ஒருத்தனும் ஏறவில்லை. தொட்டவன் சாட்சி... சாட்சி சொன்னவன் குற்றவாளி. இதுதானே சர்க்கார்!

அப்போதுதான் பக்கத்து ஊர் ரெட்டிபாளையத்திலிருந்து தலைவிரி கோலமாக ஓடி வந்தாள் காத்தாயி. செத்தவன் அவள் புருஷன் செல்லக்கண்ணுவாம். கூட்டத்தில் எவனோ சட்டையை அடையாளம் கண்டு ஆள் அனுப்பியிருந்தான்.

"எறக்குங்கய்யா அவரை!"

தொடக் கூடாது என்று ஏட்டு குறுக்கே நின்றார். பெரிய அதிகாரி வந்தபிறகுதானாம்.

"தெக்க தலை வச்சு, தரையில கெடத்தி, வாயில தண்ணி ஊத்தாம நான் எப்பிடிய்யா அழுவுறது? எம் புருஷன் என்ன கருவாடா, தகரத்து மேல காயறதுக்கு?"

ஏட்டைத் தள்ளிவிட்டு ஏணியில் ஏறினாள். அதைப் பார்த்த கூலிக்காரர்கள் நாலு பேருக்கு ரோஷம் வந்தது. இறக்கினார்கள். தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள்.

காத்தாயி செம்புத் தண்ணீரை வாயில் ஊற்றினாள். மாரில் ஓங்கி ஓங்கி அறைந்தாள்.

பிணம் இருமியது!

கூட்டம் சிதறி ஓடியது. ஏட்டும் விலங்கோடு அரியமுத்துவும் மட்டும் நின்ற இடத்தில் நின்றார்கள். ஏட்டின் முகத்தில் ரத்தம் இல்லை.

எண்ணெய் ஆவி தலைக்கேறி மயங்கிக் கிடந்தவன் செல்லக்கண்ணு! மூடியை விட்டுத் தள்ளி நல்ல காற்றில் கிடத்தியதும் உயிர் திரும்பிவிட்டது. எழுந்து உட்கார்ந்தான். கண் இன்னும் தெளியவில்லை. எதிரே காக்கி தெரிந்தது, பக்கத்தில் அரியமுத்துவும். மயங்கும் முன் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான்.

"ஏட்டய்யா... ரெண்டு டின்னு ரொப்பி முள்ளுக்குள்ள வச்சுட்டேங்க. மூணாவதுக்குள்ள தலை சுத்துது. எக்ஸ்பிரஸ் வர்ற வரைக்கும் எவனும் வரமாட்டான்னு சொன்னீங்களே... இந்தக் கைகாட்டிக்காரன் எதுக்கு வந்தான்?"

சிதறி ஓடிய கூட்டம் திரும்பி வந்து ஏட்டைச் சூழ்ந்தது.

அரியமுத்து விலங்கோடு கையை ஏட்டின் முன் நீட்டினான்.

"சாவிய நீங்களே போடுறீங்களா, நான் எடுத்துக்கவா?"

ஏட்டு ஓடப் பார்த்தார். கூலிக்காரர்கள் விடவில்லை. அதே விலங்கு கை மாறியது.

மறுபடி போன். தளத்து அதிகாரிக்கு இப்போதுதான் அக்கறை பொங்கியது... வேகன் மேல் கிடந்த பிணம் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

இராமலிங்கம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பொண்டாட்டிகிட்ட செருப்படி வாங்கிட்டிருக்கு சார். செத்தே தொலைஞ்சிருக்கலாம்னு அதுக்கே தோணுது!"