மூன்றாம் நாள் கட்டிய கயிறு

விடிந்ததிலிருந்து கெம்பம்மா வாசலில் சாணி தெளித்துக்கொண்டே மாதங்களை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். தை, மாசி, பங்குனி... ஆவணியில் வந்து நின்றதும் மறுபடி தையிலிருந்து. உள்ளே பிள்ளையோடு உட்கார்ந்திருந்த மருமகள் சம்பங்கிக்கு ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. தை கடைசியில் கல்யாணம், ஆவணி முதல் வாரம் பிரசவம். ஊர் வாய் சும்மா இருக்குமா?

பிறந்தபோது பிள்ளை ரெண்டே கால் பவுண்டு. ஓசூர் ஆஸ்பத்திரியில் பஞ்சில் பொதிந்து, இரு பக்கமும் வெந்நீர்ப் புட்டி வைத்து, இங்க் பில்லரில் சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பால் விட்டார்கள். ஐம்பத்தெட்டு நாள் சம்பங்கி கண்ணை மூடினாளோ இல்லையோ, அவளுக்கே தெரியாது. புருஷன் கிருஷ்ணப்பன் வந்தபோதெல்லாம் ஆண்களுக்கு அனுமதியில்லை என்றார்கள். ஜன்னல் வழியாக ஒரு பஞ்சு மூட்டையைப் பார்த்துவிட்டுப் போனான். மாமியார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறரை மாதத்துப் பிள்ளை பிழைத்ததாக அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. தராசில் ஓர் அவுன்ஸ் கூடினால் சம்பங்கிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்; அடுத்த நிமிஷமே பகீரென்னும். பிழைத்துவிட்டால் தன்னை யார் நம்புவார்கள்? பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

பயந்தபடியே ஆயிற்று. நேற்று பிள்ளையோடு சூளகிரியில் பஸ் இறங்கி வந்தவளை வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டாள் கெம்பம்மா.

"கொறை மாசம்னா பொழைக்குமாடி? இது நெறை மாசப் புள்ள. பாலு சேராம வத்திக் கெடந்திருக்குது."

எடை எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டு, எழுத்தறியாத அவளுக்கு வெறும் காகிதம். பேரனுக்கு அரைஞாண் கட்ட வேண்டியவள் அப்பாவைப் பெற்றவள்; அவள் கை பட்டால்தான் இந்த வீட்டுப் பிள்ளை. இன்று நாள் குறித்திருந்தும், வாங்கி வைத்த கயிறு மாடத்திலேயே கிடந்தது. கிருஷ்ணப்பன் அம்மாவையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்து விழித்தான். யாரை நம்புவதென்று அவனுக்கும் பிடிபடவில்லை.

சம்பங்கி குனிந்து பிள்ளையைத் தூக்கியபோது தாலி வெளியே விழுந்தது. அதில் ஒரு கறுப்புக் கயிற்று வளையம் கோத்திருந்தது.

"அது இன்னாடி தாலியில? செய்வினைக் கயிறா?"

சம்பங்கிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அதைக் கழற்றி மாமியார் உள்ளங்கையில் வைத்தாள்.

"மாமா புள்ள கையில கட்டினது, அத்தை. பொறந்த மூணாம் நாளு வந்தாரு. ஆஸ்பத்திரி ஆயா முனவர் பேகத்தைக் கெஞ்சி உள்ள வந்தாரு. உங்ககிட்ட தானே பக்குவமா சொல்றேன்னாரு... என்னை வாயத் தொறக்க வேணாம்னாரு."

சொல்வதற்குள் மாமனார் திம்மப்பனைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பேரன் பிறந்து பதினைந்தாம் நாள்.

"செத்தவரு மேல பழி போடுறியா..." என்று தொடங்கிய கெம்பம்மா பேச்சை நிறுத்தினாள். வண்டி மாட்டுக் கயிற்றுக்கு அவர் போடும் முடிச்சு அது. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகுவது. முப்பது வருஷம் சாயங்காலந்தோறும் அதை அவிழ்த்தவள் அவள்தான்.

வளையத்தைச் சுண்டுவிரலில் நுழைத்துப் பார்த்தாள். முதல் கணுவிலேயே நின்றுவிட்டது.

"கை... இத்தினிதான் இருந்துச்சா?"

சம்பங்கி தலையசைத்தாள்.

கெம்பம்மா மாடத்திலிருந்து கயிற்றை எடுத்துவந்து பிள்ளை இடுப்பில் சுற்றினாள். இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகினாள். பிறகு மருமகளைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

சம்பங்கியும் அழுதாள். மன்னித்துவிட்டோமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. உட்காரவும் நடக்கவும் தாமதமாகலாம், கண்பார்வையைச் சோதிக்க அடுத்த மாதம் கூட்டி வா என்று டாக்டர் சொன்னதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

"அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்குப் போவணும், அத்தை."

"நான் தூக்கினு வரேன்," என்றாள் கெம்பம்மா.