நீதிபதியம்மா சீட்டு

மாலை 4.10. ஸ்பெயினின் சலமாங்கா அகராதிச் சபையில் ஒரு சீட்டைக் காணவில்லை.

‘நீதிபதியம்மா: நீதிபதியின் மனைவி’ என்று 1979இல் எழுதப்பட்ட சீட்டு. தீர்ப்பெழுதும் பெண்கள் நாடெங்கும் நிறைந்த பிறகும், சபையின் அகராதியில் அவர்கள் யாருக்கோ வாழ்க்கைப்பட்டவர்கள்தாம். ஐந்து மணிக் கூட்டத்தில் அதை மாற்றவிருந்தார் தோன்யா லியோகாதியா, சபையின் ஒரே பெண் உறுப்பினர். ஆனால் மூலச் சீட்டு மேசையைச் சுற்றிக் கைமாறாமல் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்பது சபை விதி.

4.25க்கு இன்ஸ்பெக்டர் இத்சியார் வந்தார்.

“பெருக்குறவளைக் கேளுங்கம்மா,” என்றார் தலைவர் தோன் ஃபுல்ஹென்சியோ.

“நான் திருடுறதா இருந்தா காபி மெஷினைத் தூக்கியிருப்பேன்,” என்றாள் காசில்தா, துடைப்பத்தை ஊன்றியபடி. “இங்க வேலை செய்யுற ஒரே சாமான் அதுதான்.”

“மதியம் யார் இருந்தீங்க?”

“எல்லாரும் சாப்பிட்டுத் தூங்க வீட்டுக்குப் போயிட்டோம். ஆளுக்கொரு சாவி இருக்கு,” என்றார் தலைவர்.

“மாத்தக் கூடாதுன்னு சொல்றது நீங்கதானே, தோன் ஃபுல்ஹென்சியோ?”

“ஆமா, நான்தான்! கிடைச்சா அந்தச் சீட்டைச் சட்டம் போட்டு மாட்டுவேன்.”

லியோகாதியா ஜன்னலோரம் நின்றிருந்தார். “போகட்டும் இன்ஸ்பெக்டர். இதுக்கெல்லாம் வழக்கு எதுக்கு?”

இத்சியார் இழுப்பறையிலிருந்த மற்றச் சீட்டுகளைப் புரட்டினார். முன்புறம் சொல்லும் பொருளும். பின்புறம் எழுதியவரின் கையெழுத்து.

4.50. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பொருள் அச்சான அகராதியிலேயே இருக்கு, தோன்யா லியோகாதியா. தெருவுல போறவனும் படிக்கலாம். அச்சுல இல்லாதது பின்பக்கக் கையெழுத்து மட்டும்தான். அதை நினைச்சுக் கூசுறவங்கதான் எடுத்திருக்கணும். இந்தப் பெரிய மனுஷங்களுக்குக் கூச்சம்னா என்னன்னு தெரியுமா? உங்க தீர்மானம் செத்தாலும் சரி, தேட வேண்டாம்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

லியோகாதியா கைப்பையைத் திறந்தார். சீட்டின் பின்னால் அவர் பெயர்.

“அப்போ இருபத்துநாலு வயசு. தற்காலிக எழுத்தர். கிண்டலாத்தான் எழுதினேன், சிரிப்பாங்கன்னு. யாரும் சிரிக்கல. அச்சுக்கு அனுப்பிட்டாங்க. தப்புன்னு சொல்ல வாய் வரல. அடுத்த வாரம் வேலை நிரந்தரமாச்சு.”

5.00. அவரே சீட்டை மேசையில் வைத்தார்.

தோன் ஃபுல்ஹென்சியோ அதைத் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அட, நீங்க எழுதினதா! எவ்வளவு கச்சிதம்!”

சபை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. லியோகாதியா தலைநிமிரவில்லை.